பி.எம்.னா பிரைம் மினிஸ்டர் இல்லீங்க

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. போன வாரம் அக்கா பொண்ணு போன் பண்ணி, "மாமா, டி.எஸ்.பி. ரெகார்டு எழுதணும், உங்க பழைய நோட்டு இருக்கா?"ன்னு கேட்டா. நான் படிச்சு முடிச்சு கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆகப்போகுது. "என்னம்மா எக்ஸ்பெரிமெண்ட்?"னு கேட்டா, லிஸ்ட் படிக்கறா. சைன் வேவ், ஸ்கொயர் வேவ், கன்வல்யூஷன், எஃப்.எஃப்.டி... அட, அப்படியே எங்க லிஸ்ட்! அதான் தூசி தட்டி எடுத்துட்டேன்.

டிஸ்கி: இது டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் பத்தின பதிவு. ஆனா ஒரு ஃபார்முலா கூட கிடையாது. கவிதை எழுதற மக்களும் பயப்படாம படிக்கலாம் :-)

முதல்ல விஷயம் என்னன்னு ரெண்டு வரியில சொல்லிடறேன். குரல், பாட்டு, போட்டோ, இதயத்துடிப்புன்னு எதுவா இருந்தாலும் அதை எண்களா மாத்தி, அந்த எண்கள்ல இருந்து வேண்டாததை வடிகட்டி, வேண்டியதை எடுக்கறதுதான் இந்தத் துறை. நீங்க செல்போன்ல பேசறது, எம்.பி.3 கேக்கறது, ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கறது எல்லாத்துக்கும் உள்ள உக்காந்து ஆணி புடுங்கறது இதுதான்.

நான் இ.சி.இ. படிச்சது 2003ல இருந்து 2007 வரைக்கும். காலேஜ் பேரு வேண்டாம். எங்க லேப்ல டி.எஸ்.பி. கிட்டு ஆறு இருந்துச்சு. அஞ்சு பீரோவுக்குள்ள, பிளாஸ்டிக் கவர் பிரிக்காம. ஒண்ணு வெளிய, அதுவும் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்களுக்குக் காட்ட. நாங்க மேட்லாப்ல புரோகிராம் அடிப்போம், அதாவது சீனியர் நோட்டைப் பாத்து அடிப்போம். வர்ற படத்தை கிராஃப் ஷீட்ல வரைஞ்சு, ரெகார்டுல ஒட்டி, கையெழுத்து வாங்கினா முடிஞ்சது கதை. அதுல ஒரு கமாண்ட் வரும், எஃப்.ஐ.ஆர்.பி.எம்.னு. வடிகட்டி டிசைன் பண்றதுக்கு. பழைய வெர்ஷன்ல அதுக்கே ரெமெஸ்னு பேரு. அந்தக் கடைசி ரெண்டு எழுத்து, பி.எம்., என்னன்னு நானும் கேக்கல, யாரும் சொல்லவும் இல்ல. எக்ஸ்டர்னல் கேட்டா மாட்டிக்கக் கூடாதேன்னு கும்பிட்டதோட சரி.

அது ரெண்டு பேரோட பேர். பார்க்ஸ், மெக்லெலன். ஒருத்தர் வாத்தியார், ஒருத்தர் அவரோட ஸ்டூடண்ட்!

அமெரிக்காவுல டெக்ஸஸ் மாநிலம், ஹூஸ்டன்ல இருக்கற ரைஸ் பல்கலைக்கழகம். டாம் பார்க்ஸ் அங்க ஆசிரியர், ஜேம்ஸ் மெக்லெலன் அங்க ஆராய்ச்சி மாணவர். ரெண்டு பேரும் சேர்ந்து 1972ல வெளியிட்டதுதான் இந்த வடிகட்டி டிசைன் முறை. என்ன பண்ணாங்கன்னு கேட்டா, வீட்ல ஜமுக்காளம் விரிக்கறதை நினைச்சுக்கங்க. ஒரு இடத்துல மேடு தட்டுது, கையால அழுத்தினா இன்னொரு இடத்துல எழும்பும். மேடே இல்லாம விரிக்க முடியாது. வடிகட்டியும் அப்படித்தான், பிழை எங்கயாவது இருந்தே தீரும். இவங்க முறை என்ன செய்யும்னா, பெரிய மேட்டை அழுத்தி, அழுத்தி, கடைசியில எல்லா மேடும் ஒரே உயரம் ஆகற வரைக்கும் கொண்டு வரும். இதை விட சின்ன மேடா யாராலயும் விரிக்க முடியாதுங்கறது கணக்குப்படி நிரூபிச்ச விஷயம். செபிஷேவ்ங்கற ரஷ்யரும் அவருக்கு அப்புறம் ரெமெஸும் போட்டு வெச்ச கணக்கு அது. அதைக் கொண்டு வந்து, நம்ம வேலைக்கு ஆகற மாதிரி புரோகிராமா எழுதிக் கொடுத்தது இவங்க. அம்பது வருஷம் தாண்டியும் அதே முறை ஓடிட்டு இருக்கு.

இது எனக்கு ஏன் முக்கியமா பட்டுதுன்னு சொல்றேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

முதல் வேலை, ஈ.சி.ஜி. மிஷின் பண்ற ஒரு சின்ன கம்பெனி. சேர்ந்து மூணாவது மாசம். ஸ்க்ரீன்ல இதயத்துடிப்பு கோடு மேல கரண்டோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறிக்கிட்டு கோடு கம்பளிப்பூச்சி மாதிரி தெரியுது. "அதை எடுத்து விடுப்பா"ன்னாரு சீனியர். நமக்குத்தான் தெரியுமே! 50 ஹெர்ட்ஸை மட்டும் ஊசி மாதிரி வெட்டற ஒரு வடிகட்டி. எவ்வளவு குறுகலா வெட்டறோமோ அவ்வளவு சுத்தம்னு நினைச்சு, ஒரே ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துல போட்டேன். கோடு பளிச்சுன்னு வந்துச்சு. பெருமையா கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் ஒரு நிமிஷம் பாத்தாரு. கூர்மையா ஏறி இறங்கற அந்த முனைக்கு அப்புறம், குட்டி குட்டியா அலை அலையா ஏதோ ஆடிட்டு அடங்குது. "இது என்ன?"ன்னாரு. முழிச்சேன். "ரிங்கிங். மணியை அடிச்சா ரீங்காரம் அடங்க நேரம் ஆகுதுல்ல, உன் வடிகட்டியும் அப்படித்தான். குறுகலா வெட்ட வெட்ட ரொம்ப நேரம் ரீங்காரம் பண்ணும். இந்த இடத்தைப் பாத்துதான் டாக்டர் ஹார்ட் அட்டாக்கா இல்லையான்னு சொல்லுவாரு. நீ இங்க உன் மணியை அடிச்சு வெச்சிருக்க."

சத்தியமா சொல்றேன், உடம்பு சில்லிட்டுப் போச்சு. வடிகட்டியோட அலையாட்டம் பத்தி பரீட்சையில டூ மார்க்ஸும் எழுதியிருக்கேன், சிக்ஸ்டீன் மார்க்ஸும் எழுதியிருக்கேன். டெஃபனிஷன் இப்பவும் தூக்கத்துல கேட்டா சொல்லுவேன். ஆனா அது கண்ணு முன்னாடி ஆடும்போது எனக்கு அடையாளம் தெரியல. (கடைசியில வெட்டு அகலத்தைக் கூட்டினோம். அதுக்கும் முன்னாடி, கழண்டுக்கிட்டு இருந்த எலெக்ட்ரோடை ஒழுங்கா ஒட்டி, எர்த்தை சரி பண்ணாரு சீனியர். இரைச்சல் பாதி அதுலயே போயிடுச்சு. வடிகட்டியை விட ஒட்டற பேஸ்ட் முக்கியம்னு எந்த லோக்கல் ஆத்தர் புக்குலயும் போடலை.)

அன்னிக்கு ராத்திரி பிரவுசிங் சென்டர்ல உக்காந்து தேடினப்போ சிக்கினதுதான் கனெக்ஷன்ஸ்ங்கற தளம். சின்னச் சின்னப் பாடங்கள், எல்லாமே இலவசம், யார் வேணா எடுத்து மாத்திக்கலாம். எங்கிருந்து வருதுன்னு பாத்தா, அதே ரைஸ்! 1999ல ரிச்சர்ட் பரானியுக்னு அங்க சிக்னல் பிராசஸிங் சொல்லித் தர்ற பேராசிரியர் ஆரம்பிச்சது. இதே ஆளோட குழுதான் 2006ல ஒரே ஒரு பிக்சல் வெச்சு படம் எடுக்கற கேமராவைக் காட்டினது. ஒரு பக்கம் உலகத்துலயே புதுசா ஒரு கேமரா, இன்னொரு பக்கம் முதல் செமஸ்டர் பையனுக்குப் பாடம். அதே டிபார்ட்மெண்ட்ல சிட்னி பர்ரஸ், டான் ஜான்சன்னு பெரிய தலைகளும் அந்தத் தளத்துல உக்காந்து பாடம் எழுதியிருந்தாங்க. அந்தத் தளம் பின்னாடி ஓப்பன்ஸ்டாக்ஸா வளர்ந்து, 2012ல இருந்து முழுப் பாடப்புத்தகங்களையே இலவசமா கொடுக்க ஆரம்பிச்சுது. பழைய தளத்தை 2022ல மூடிட்டாங்க. எனக்கு ஒரு நண்பர் போன மாதிரி இருந்துச்சு.

இந்த பர்ரஸ், ஜான்சன் கூட ஹைட்மன்னு ஒரு மாணவர் சேர்ந்து 1984ல ஒரு கட்டுரை எழுதினாங்க. எஃப்.எஃப்.டி.ன்னு ஒரு சமாச்சாரம் இருக்குல்ல, 1024 எண்களை அலசணும்னா நேரடியா போட்டா 10,48,576 பெருக்கல், இந்த வழியில போனா 5,120 போதும். கூலியும் டூக்கியும் 1965ல கண்டுபிடிச்சதுன்னு எல்லாரும் படிச்சிருப்போம். இந்த மூணு பேரும் வரலாற்றைத் தோண்டிப் பாத்தா, காஸ் அதை 1805 வாக்குலயே எழுதி வெச்சிருக்காரு! குட்டிக் கோள்களோட பாதையைக் கணக்குப் போடறதுக்காக, லத்தீன்ல. அவர் செத்து, 1866லதான் அச்சுக்கே வந்துருக்கு, அப்பவும் யாரும் கண்டுக்கல. இன்ஜினியரிங் வாத்தியாருங்க எதுக்கு லத்தீன் ஓலைச்சுவடி தேடணும்? ஆனா தேடுற புத்தி உள்ளவங்க சொல்லித் தர்றப்போ அந்த வகுப்பே வேற மாதிரி இருக்கும்னு நான் நம்பறேன்.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். ஆராய்ச்சி ஒரு பொட்டி, பாடம் ஒரு பொட்டின்னு பிரிச்சு வெச்சிருக்கறதுதான் நம்ம ஊர் கோளாறு. அமெரிக்கா சொர்க்கம்னு சொல்ல வரல. அங்கயும் பேப்பரும் கிராண்டும்தான் பதவி உயர்வுக்கு ஏணி, பாடம் நடத்தறதை தண்டனையா நினைக்கற ஆளுங்களும் உண்டு. நம்ம வாத்தியாருங்களைத் திட்டவும் வரல. ஒரே செமஸ்டர்ல மூணு பேப்பர், ரெண்டு லேப், அது போக அக்ரிடிடேஷன் ஃபைல்னு இருக்கறவங்க காஸைத் தேடி எங்க போவாங்க? ஆனா இதுக்கு வைத்தியம்னு நாம பண்ணதுதான் காமெடி. 2010ல யு.ஜி.சி. மதிப்பெண் முறை கொண்டு வந்து, ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பாயிண்ட்டு போட்டாங்க. அப்புறம் என்ன, காசு கொடுத்தா போடற ஜர்னல்கள் புத்து மாதிரி கிளம்புச்சு. ஆராய்ச்சி பண்ற ஆள் பாடம் எடுக்கணும்ங்கறது தலைகீழா ஆகி, பாடம் எடுக்கறவர் எல்லாம் ஆராய்ச்சி பண்ண மாதிரி காட்டணும்னு ஆயிடுச்சு.

எனக்கு ஒரு யோசனை. கட்டுரை எண்ணறதுக்குப் பதிலா, வருஷத்துக்கு ஒரு வாத்தியார் ஒரே ஒரு புது லேப் எக்ஸ்பெரிமெண்ட் கொடுத்தா போதும்னு வைக்கலாமே? சின்ன வேலை இல்ல அது. நம்ம கதாநாயகன் மெக்லெலனையே எடுத்துக்கங்க. அவர் பின்னாடி ஜார்ஜியா டெக்ல பேராசிரியர் ஆகி, ஷேஃபர், யோடர்னு ரெண்டு பேர் கூட சேர்ந்து 1998ல ஒரு புத்தகம் போட்டாரு. பேரே டி.எஸ்.பி. ஃபர்ஸ்ட். சர்க்யூட், அது இதுன்னு ரெண்டு வருஷம் ஓட்டிட்டு அப்புறம் சிக்னலுக்கு வராம, முதல்லயே சத்தத்தையும் படத்தையும் கையில கொடுத்துடுன்னு ஒரு துணிச்சல். போன் பட்டன் சத்தத்தைக் கேட்டு எந்த எண்ணுன்னு கண்டுபிடிக்கறது அதுல ஒரு லேப். உலகம் பூரா அவர் பேர்ல கமாண்ட் ஓடுது, மனுஷன் உக்காந்து முதல் வகுப்புப் பசங்களுக்கு எக்ஸ்பெரிமெண்ட் யோசிச்சிருக்காரு.

நமக்கு மூலப்பொருளுக்கா பஞ்சம்? சி.வி. ராமன் 1920லயே நேச்சர் இதழ்ல நம்ம மிருதங்க வகை வாத்தியங்களைப் பத்தி எழுதியிருக்காரு. சாதாரண தோல் மேளத்துல சுரங்கள் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. நடுவுல அந்தக் கருப்புப் பகுதியைப் பூசினதால, தந்தி வாத்தியம் மாதிரி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு முழு மடங்குல வருதுன்னு காட்டினாரு. ஒரு மிருதங்கம், ஒரு செல்போன் மைக், ஒரு எஃப்.எஃப்.டி. ஒரு மணி நேரத்துல பையன் கண்ணால பாத்துடலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல ஹேமா மூர்த்தி குழு, பார்சிலோனா பல்கலைக்கழகம் ஒண்ணு நடத்தின காம்ப்மியூசிக் திட்டத்துல சேர்ந்து, கர்நாடக இசையில சுருதி கண்டுபிடிக்கறது, மிருதங்கச் சொல்லை அடையாளம் காண்றதுன்னு ஆராய்ச்சியே பண்ணாங்க. அங்கிருந்து அம்பது கிலோமீட்டர்ல இருக்கற காலேஜ்ல இன்னமும் ஸ்கொயர் வேவ் வரைஞ்சிட்டு இருக்கோம்.

சரி, அக்கா பொண்ணு கதைக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தா. பழைய நோட்டு பரண்ல இருக்குன்னு தெரிஞ்சும் இல்லைன்னுட்டேன். லேப்டாப்பைத் திறந்து, "திரும்பி உக்காரு, நான் போன்ல ஒரு பட்டன் அமுக்கறேன், என்ன எண்ணுன்னு சொல்லு"ன்னேன். ரெக்கார்ட் பண்ணா, பைத்தான்ல எஃப்.எஃப்.டி. போட்டா, ரெண்டு ஊசி மாதிரி நிக்குது. ஒண்ணு 770 பக்கம், இன்னொண்ணு 1336. அட்டவணையைப் பாத்துட்டு, "அஞ்சா மாமா?"ன்னா. அஞ்சுதான். அப்புறம் பாட்டியோட போன் நம்பரை மொத்தமா அமுக்கச் சொல்லி, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எழுந்திரிக்கல.

ரெகார்டு நோட்டு மட்டும் அப்படியே கிடக்கு. அதுல ஸ்கொயர் வேவ்தான் வரையணுமாம், போன் பட்டன் எல்லாம் போட்டா மேடம் கையெழுத்து போட மாட்டாங்களாம். பரண்ல ஏறி என் நோட்டை எடுத்துக் கொடுத்துட்டேன்.