சரிபார்க்க வேண்டாமாம்!

பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் மீனவர்களிடம் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்பது முறை வைத்து நடக்கும். பாடு உரிமை இல்லாதவர் வலையோடு வந்து "நானும் மீனவன்தான்" என்றால் எடுபடாது.

உரிமையை விசாரித்தே பழகிய அந்தக் கரையிலிருந்து கல்லூரிக்கு வரும் பையனுக்கு, வை-ஃபையில் சேர என்ன சொல்லித் தருகிறார்கள்? செல்போன் திரையில் 'சிஏ சான்றிதழ்' என்பதைத் தொடு, 'சரிபார்க்க வேண்டாம்' என்று வை, பாஸ்வேர்டு போடு. அவ்வளவுதான்!

என்ன அநியாயம் இது? நீ யார் என்று கல்லூரி கேட்கும். நீ யார் என்று மாணவன் திருப்பிக் கேட்கக் கூடாதாம். வாசல் டீக்கடையில் ஒருவன் அதே பெயரில் ரவுட்டர் வைத்தால் போன் தானாகவே அவனிடம் போய் நிற்கும். பாஸ்வேர்டு அப்படியே போகாது, எம்எஸ்சாப்-வி2 காப்பாற்றும் என்பார்கள் சிலர். அதை ஒரே நாளுக்குள் உடைக்கலாம் என்று 2012 டெஃப்கான் மாநாட்டிலேயே காட்டியாயிற்று.

2020 டிசம்பர் அப்டேட்டில் ஆண்ட்ராய்டு 11 பிக்சல் போன்களிலிருந்து கூகுள் அந்தத் தேர்வையே தூக்கிவிட்டது. உடனே "போன் சரியில்லை" என்று புலம்பல். (சரியில்லாதது எது?)

உருப்படியான வழி இஏபி-டிஎல்எஸ். இரண்டு பக்கமும் சான்றிதழ் காட்டும். திருட பாஸ்வேர்டே இருக்காது. ஒவ்வொரு போனிலும் சான்றிதழை நிறுவ வேண்டும், சர்வரின் டொமைன் பெயரைப் பிழையில்லாமல் அடிக்க வேண்டும். அலுப்பான வேலைதான். அதற்கு ஓர் ஆளைப் போடாத நிர்வாகம், கணக்கு திருடு போனபின் "பாஸ்வேர்டை யாருக்குக் கொடுத்தாய்?" என்று பையனைத்தான் கேட்கும்.