கைக்கு வராத பணத்திற்கு வரி

சொந்த வீட்டை விற்கிறவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள் அல்லர். கடன் தீர்க்கவோ, வைத்தியச் செலவுக்கோ, சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொள்ளவோ விற்கிறார்கள். அவசரக்காரனுக்கு நல்ல விலை கிடைக்காதென்பது யாவரும் அறிந்த விஷயம். வருமான வரிச் சட்டம் மாத்திரம் இதை அறியாததுபோல் பாவனை செய்கிறது.

ஒருவர் தமது வீட்டை 50 லட்சம் ரூபாய்க்குக் கிரயம் செய்கிறார். வழிகாட்டி மதிப்பைக் கொண்டு பதிவு இலாகா காணும் தொகை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டதால், அவர் 60 லட்சமே பெற்றதாகச் சட்டம் கருதுகிறது. நீண்ட கால லாபத்திற்குரிய 12.5 சதவீத விகிதப்படி, வராத 10 லட்சத்திற்கு அவர் 1,25,000 ரூபாய் செலுத்த வேண்டும். அதே 10 லட்சம் வாங்கியவருடைய வருமானமாகவும் பாவிக்கப்பட்டு, அவர் தலையிலும் வரி விழுகிறது. இல்லாத பணத்திற்கு இருவர் வரி கட்டும் விநோதத்தை வேறெங்கு காண்பது?

வழிகாட்டி மதிப்புத்தான் எவ்வளவு ஸ்திரமானது? தமிழ்நாட்டில் 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 பட்ஜெட்டில், குறைப்பதற்கு முந்திய மதிப்பையே திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது.

வரி ஏய்ப்போரைப் பிடிக்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். அவசியம் பிடிக்க வேண்டும். விலையில் ஒரு பங்கைப் பத்திரத்தில் காட்டி மறுபங்கை ரொக்கமாக வாங்கும் துர்வழக்கம் நம் ஊர்களில் உண்டென்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் குற்றஞ்சாட்டுகிறவரே அதை ருசுப்படுத்த வேண்டும். எர்ணாகுளத்து வீடு ஒன்றின் கிரயத்தைப் பற்றிய வழக்கில், பத்திரத்தில் கண்டதற்கு மேல் விற்றவர் பெற்றார் என்று ருசுப்படுத்தும் பாரம் வரி இலாகாவையே சேர்ந்தது என்று 1981-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2002-ஆம் வருஷத்து நிதிச் சட்டம் புதிய ஷரத்தொன்றைப் புகுத்தி, அப்பாரத்தை விற்றவர் தோளுக்கு மாற்றிவிட்டது. பழைய சட்டத்திற்குப் பதிலாகப் பார்லிமெண்டு 2025-இல் நிறைவேற்றிய வருமான வரிச் சட்டத்திலும் இவ்வேற்பாடு தொடருகிறது. திருத்துவதற்கு வாய்த்த நல்ல சந்தர்ப்பம் வீணாயிற்று.

பரிகாரம் அடியோடு இல்லையென்று நாம் கூறவில்லை. பதிவு மதிப்பு சந்தை விலைக்கு மேற்பட்டதென்று விற்றவர் வரி அதிகாரியிடம் ஆட்சேபித்து, மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பும்படி கோரலாம். கிரய ஒப்பந்தத்தை முன்னதாக எழுதி, முன்பணத்தில் ஒரு பகுதியையேனும் அன்றைக்கோ அதற்கு முன்போ பாங்கி மூலம் பெற்றிருந்தால், ஒப்பந்தத் தேதியின் மதிப்பையே கணக்கில் கொள்ளும்படி கேட்கவும் இடமுண்டு. வாய்ப்பேச்சை நம்பி ரொக்கமாக முன்பணம் வாங்குகிறவர் இச்சலுகையை இழக்கிறார். ஆகையால் ஒப்பந்தம், பாங்கிக் கணக்கு, வீட்டைப் பெருக்கிக் கட்டிய செலவின் ரசீதுகள் யாவற்றையும் பத்திரப்படுத்துவது நலம். ஆனால் வக்கீலும் ஆடிட்டரும் இல்லாத எத்தனை பேருக்கு இவ்வழிகள் தெரியும்? நோட்டீஸ் வந்த பிறகுதான் பலர் விஷயத்தையே அறிகிறார்கள்.

கிரயத் தொகை முழுவதும் பாங்கி மூலம் கைமாறி, வாங்கியவர் உறவினர் அல்லாதவராகவும் இருந்தால், பத்திரத்தில் கண்ட விலையையே ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தேகம் தோன்றினால் இலாகாவே மதிப்பீட்டு அதிகாரியை அனுப்பிச் சோதிக்கட்டும். தமிழ்நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் அடுத்த நிதி மசோதா விவாதத்திலேயே இத்திருத்தத்தைக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.