கம்பளிக்கு முன்னே புழுக்கை

இடைக்காலக் குடியிருப்பைக் கட்டி எழுப்பும் கேம்களில் செம்மறி என்றால் கம்பளி. மிஞ்சினால் கறி. 2014-இல் வந்த ‘பேனிஷ்ட்’டில் வணிகரிடம் ஆடு வாங்கிப் பட்டியில் விட்டால் இரண்டும் கிடைக்கும், பட்டி நிறைந்ததும் உபரி ஆடு தானாகவே வெட்டுக்குப் போய்விடும். பக்கத்து வயலுக்கும் அந்தப் பட்டிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மண் சத்து என்ற கணக்கே அந்த கேமில் கிடையாது. 2024 ஏப்ரலில் ஏர்லி ஆக்சஸில் வெளியான ‘மேனர் லார்ட்ஸ்’ இதில் வெகுதூரம் முன்னேறியிருந்தது. வயலுக்குச் சத்து சதவீதம், மூன்றாண்டுப் பயிர்ச் சுழற்சி, தரிசு எல்லாம் உண்டு. தரிசில் ஆடு மேயவிட்டு மண்ணைத் தேற்றவும் வழி இருந்தது. ஆனால் அந்த வழி திறக்க ஒரு டெவலப்மென்ட் பாயிண்ட் செலவழிக்க வேண்டியிருந்தது. ஆடு குட்டி போட இன்னொரு பாயிண்ட். (எந்த இடையரிடம் சொன்னாலும் சிரிப்பார்.) பாயிண்ட் கொடுத்து வாங்கும் சலுகையாக வைத்த அந்த எருவைத்தான் செம்மறியின் அடிப்படை விதியாக வைக்க வேண்டும் என்கிறோம்.

கம்பளி பெரிய வணிகம்தான், மறுக்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நல்ல ஆண்டுகளில் இங்கிலாந்திலிருந்து 40,000 மூட்டைக்கு மேல் கப்பலேறியது. மூட்டை ஒன்று 364 பவுண்டு. ஒரு ஆட்டின் ரோமம் ஒன்றரை, இரண்டு பவுண்டு தேறினால் அதிகம். ஆனால் அதே ஆடு ஆண்டு முழுக்கச் செய்த வேலை வேறு. தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்பு மேடுகளில் பகலெல்லாம் மேய்ந்த மந்தையை இரவில் தரிசு வயலுக்கு ஓட்டி வந்து, மிலாறு முடைந்த படல்களுக்குள் அடைத்தார்கள். நாம் கிடை போடுவது என்கிறோமே, அதேதான். மறுநாள் படலைப் பிடுங்கி அடுத்த துண்டில் நட்டால், முந்தைய துண்டில் புழுக்கையும் மூத்திரமும் குளம்பு மிதித்த மண்ணும் மிஞ்சும். மேட்டுப் புல்லின் சத்து நாலு காலில் நடந்து வயலுக்கு வந்துவிடும். அதன் அருமை பிரபுக்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் பல பண்ணைகளில் குடியானவரின் ஆடும் பிரபுவின் கிடையில்தான் இரவு படுக்க வேண்டும் என்ற உரிமை நடப்பில் இருந்தது. ரோமம் ஆட்டுக்காரருக்கு, எரு பிரபுவுக்கு.

வடிவமைப்பாளருக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் விதி. புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் பண்டம் வேண்டாம்; இன்றிரவு மந்தை எந்தத் துண்டில் படுக்கிறது என்ற ஒரே முடிவு போதும். தினமும் படல் நகர்த்தச் சொன்னால் பிளேயர் சலித்துப் போவார் என்பார்கள். பயிர்ச் சுழற்சியை மூன்றாண்டுக்கு முன்கூட்டியே குறித்து வைக்க முடிகிறபோது, கிடை வரிசையையும் இடையரிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் தீர்ந்தது. கொஞ்சம் கனமான ஆட்சேபம் இன்னொன்று: எரு தாராளமாகக் கிடைத்தால் பிளேயர் ஆடாகவே வாங்கிக் குவிப்பார், பஞ்சம் என்ற பயமே போய்விடும். இதற்கான கடிவாளம் வரலாற்றிலேயே இருக்கிறது. மந்தை பெருக மேய்ச்சல் மேடு வேண்டும், அந்த மேட்டை உழ முடியாது. குளிர்காலத்துக்கு வைக்கோல் வேண்டும். நெருக்கி அடைத்த மந்தையில் சொறி ஓர் ஆட்டிலிருந்து மற்றதற்குத் தாவும். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மந்தைகளை அது சூறையாடியிருக்கிறது. கிடை பெருகப் பெருக ஆபத்தும் பெருகும். தனியாகச் சமன் செய்ய ஒரு எண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மேனர் லார்ட்ஸில் பிளேயரே பிரபு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். குடிகளின் ஆடுகளைத் தன் தரிசில் அடைக்கச் சொல்லும் பொத்தான் ஒன்று அவர் கையில் இருந்தால், அவர் வயலில் கோதுமை ஏறும். குடிகளின் நிலம் அந்தப் பருவம் எரு இல்லாமல் காயும். அறுவடை முடிந்து அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும் வேலை மட்டும்தான் கேமுக்கு மிச்சம்.