ஏணி எதுவரை?

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலே கதிரவன் கண்விழிக்கும் முன்பே ஏலம் எழுந்துவிடுகிறது. அன்னையோடு வந்து நிற்கும் பத்து வயதுச் சிறுவன், கூடைகளை எண்ணுகிறான், விலையைப் பெருக்குகிறான், மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கித் தாயின் கையிலே தருகிறான். தாளில்லை, எழுதுகோலில்லை, தவறும் இல்லை! அதே சிறுவன், சில மணி நேரம் கழித்து, பள்ளிக்கூடத்துக் கரும்பலகையின் முன்னே கைகட்டி நிற்கிறான். பலகையிலே இருப்பதும் பெருக்கல்தான். ஆனால் விடை வரவில்லை. உடனே பட்டம் சூட்டிவிடுகிறோம் அவனுக்கு, "மக்கு" என்று!

யார் மக்கு? கடற்கரையிலே கணக்குப் போட்டவனா, அவன் கணக்குப் போடுகிறான் என்பதையே அறியாத நாமா?

இது நமது கற்பனை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளிலே வேலை செய்யும் பிள்ளைகளை ஆராய்ந்து, நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் வேறு அறிஞர்களோடு சேர்ந்து 2025-இல் 'நேச்சர்' இதழிலே எழுதினார்கள். சந்தைக் கணக்கைச் சடுதியிலே முடித்த பிள்ளைகள் பள்ளிக் கணக்கிலே திணறினர். பள்ளிக் கணக்கிலே தேறிய பிள்ளைகளோ சந்தைக் கணக்கிலே திணறினர்! அறிவு இரு பக்கமும் இருக்கிறது. இடையிலே பாலம்தான் இல்லை.

அந்தப் பாலத்தைக் கட்டுவதற்குத்தானே பள்ளிக்கூடம்?

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஒருவன் மீனவர் வீட்டுப் பிள்ளை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வருவாய் வற்றிக் கிடக்கும் அந்த ஜூன் மாதத்திலேதான் பள்ளிக்கூடமும் திறக்கிறது! இன்னொருத்தி, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஆலை வேலைக்கு வந்தவரின் மகள். அவள் வீட்டிலே தமிழ் பேசுவோர் எவருமில்லை. மூன்றாமவன் வீட்டிலே தெலுங்கு. நான்காமவனுக்கு வீட்டிலேயே அண்ணன் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்துவிட்டான். இந்த நால்வரும் ஒரே பெஞ்சிலே. ஒரே நாளிலே, ஒரே பக்கத்தைத் திருப்ப வேண்டுமாம்! யாரை மனத்திலே வைத்துப் பாடம் நடக்கிறது? "சராசரி மாணவன்" என்று ஒருவன் இருக்கிறானாம், அவனை வைத்து. அந்தச் சராசரி மாணவனை எந்த வருகைப் பதிவேட்டிலும் நாம் கண்டதில்லை.

பிள்ளையின் தேவைக்கேற்பப் பள்ளி வளைய வேண்டும் என்பது வடசென்னைக்குப் புதிய பாடமல்ல. வண்ணாரப்பேட்டையிலே கல்லூரியாகப் பெயர் நிலைத்து நிற்கும் பிட்டி. தியாகராயர், சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே பகல் உணவு தொடங்கிற்று. பசித்த பிள்ளைக்கும் உண்ட பிள்ளைக்கும் ஒரே பாடம் ஓதுவதிலே நீதியில்லை என்பதை அன்றைக்கே உணர்ந்தார்கள். வயிற்றின் வேறுபாட்டைக் கண்டுகொண்டவர்கள் நாம். மூளைக்குள்ளே போகும் வழியின் வேறுபாட்டைக் காணத்தான் இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

2003-இல் அது நடந்தது, அதே மாநகராட்சியிலே! அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் முறையைத் தழுவி, 13 மாநகராட்சிப் பள்ளிகளிலே செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பிறகு 264 பள்ளிகளுக்கு அது பரவிற்று. 2007-08-இல் தமிழகமெங்கும் சென்றது. முதலிலே நிகழ்ந்த மாற்றம் என்ன தெரியுமா? கரும்பலகை கீழே இறங்கிற்று! ஆசிரியரின் உயரத்திலே தொங்கியது, பிள்ளையின் கைக்கு எட்டும்படி சுவரோரம் நீண்டது. ஆசிரியரும் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயிலே அமர்ந்தார். பாடம் சிறுசிறு அட்டைகளாயிற்று. அட்டைகள் வரிசையாகி ஓர் ஏணியாயிற்று. ஒருவன் ஆசிரியர் துணையோடு படிப்பான், இன்னொருத்தி உடன் படிப்பவள் துணையோடு படிப்பாள், மற்றொருவன் தானே படிப்பான்.

இந்த ஏணியின் அருமையை எண்ணூர்க்காரரைக் கேட்டால் தெரியும். 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வெள்ளம். அதன் பின்னாலேயே எண்ணூர்க் கழிமுகத்திலே எண்ணெய்ப் படலம்! வலையும் படகும் கறுத்துக் கிடந்த நாட்களிலே ஒரு வீட்டுப் பிள்ளை பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பழைய வகுப்பறை அவனை விட்டுவிட்டுப் பத்துப் பக்கம் ஓடியிருக்கும். திரும்பி வந்து உட்காருபவனுக்கு எதுவும் விளங்காது. விளங்காத இடத்திலே எத்தனை நாள் உட்காருவான்? ஏணியோ ஓடிப் போவதில்லை. எந்தப் படியிலே கால் எடுத்தானோ, அதே படியிலே கால் வைக்கலாம்.

கொரோனா ஊரடங்கிலே நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் அந்த எண்ணூர்ப் பிள்ளையைப் போல் ஆனார்கள். 2020 மார்ச்சிலே மூடிய தொடக்கப் பள்ளி வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அதனாலேயே 2022 ஜூனில், திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்திலே 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிற்று. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையறிந்து பாடம். பெயரிலேயே ஒரு பெருந்தன்மை இருக்கிறது: அரும்பைப் பார்த்து எவரும் "தோற்றுவிட்டாய்" என்று சொல்வதில்லையே!

வரவேற்கிறோம். ஆனால் வரவேற்ற கையோடு ஒரு கேள்வியும் கேட்கிறோம்: ஏணி எதுவரை?

ஏன் கேட்கிறோம்? "அவரவர்க்கு ஏற்ற கல்வி" என்ற சொல், கேட்கத் தேன். ஆனால் அந்தத் தேனிலே நஞ்சு கலந்து கொடுக்கப்பட்டதை இந்த நாடு அறியும். 1953-இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டம் என்ன சொல்லிற்று? கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி சில மணி நேரம்; மீதி நேரம் தகப்பன் தொழில்! இடமில்லை, பணமில்லை, கைத்தொழிலுக்கு மதிப்பு வேண்டும் என்று அடுக்கடுக்காகக் காரணம் சொன்னார்கள். குலக்கல்வி என்று அதன் முகத்திரையைக் கிழித்தார் பெரியார். மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனையாக்கிற்று கழகம். 1954-இல் காமராசர் ஆட்சிக்கு வந்து அதைக் கைவிட்டார். அந்தத் திட்டமும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு பார்த்தது. ஆனால் எதிலே? போய்ச் சேரும் ஊரிலே! நாம் கேட்பது வேறு: வழி வேறாகட்டும், வண்டி வேறாகட்டும், ஊர் ஒன்றாக இருக்கட்டும். வலைஞர் மகன் வலைக்குள்ளே முடிவதும், அதிகாரி மகன் அலுவலகத்திலே தொடங்குவதும் அவரவர் "திறன்" என்று எழுதிக் கொடுக்க ஓர் ஏணி நமக்குத் தேவையில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு வேறுபாட்டுக்கு ஒரே மருந்து, "ஃபெயில்"! 2024 டிசம்பரிலே ஒன்றிய அரசு விதியைத் திருத்தி, 5, 8 வகுப்புகளிலே பிள்ளைகளை நிறுத்திவைக்க வழிசெய்தது; தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது. மறுத்தது சரி. விளங்காத பாடத்தை அதே முறையிலே இரண்டாம் முறை ஓதினால் விளங்கிவிடுமா? ஆனால், நிறுத்தாமல் அனுப்பினோம் என்று மார்தட்டுவதும் போதாது. 2025-26-இல் 6 முதல் 9 வகுப்பு வரை, அடிப்படையிலே பின்தங்கியோருக்காகத் 'திறன்' என்று தனிப் பயிற்சி தொடங்க வேண்டியிருந்தது. கீழ்ப்படியிலேயே நின்ற பிள்ளைகளை நாம் வகுப்பு மட்டும் மாற்றி அனுப்பிக் கொண்டிருந்தோம் என்பதற்கு இதைவிட வாக்குமூலம் வேண்டுமா?

"அவன் வேகத்திலே படிக்கட்டும்" என்பது அன்பாகவும் இருக்கலாம், அசட்டையாகவும் இருக்கலாம். மூன்றாண்டு அரும்பாகவே அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அது அசட்டை!

ஆசிரியரைக் குற்றம் சாட்டுவோரோடு நாம் சேர மாட்டோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். வகுப்போ ஐந்து! ஐந்து வகுப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று நிலை. பதினைந்து பாடங்களை இரண்டு பேர் நடத்த வேண்டும். இதற்கிடையிலே கைப்பேசியிலே விவரம் பதிவேற்ற வேண்டும். இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைகளும் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஆகவே கேட்கிறோம். துறைமுகப் பகுதியிலிருந்து எண்ணூர் வரையுள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு, தலையெண்ணிக்கை பார்க்காமல், மூன்றாவது ஆசிரியர் ஒருவரைக் கொடுங்கள். பிற மாநிலப் பிள்ளைகள் உள்ள பள்ளிகளிலே, அவர்கள் மொழியறிந்த துணைவர் ஒருவரை முதல் ஆண்டுக்காவது அமர்த்துங்கள். பதிவேற்றும் வேலையை ஆசிரியர் தோளிலிருந்து இறக்குங்கள். ஜூனிலே அரும்பு நிலையில் எத்தனை பேர், மார்ச்சிலே எத்தனை பேர் என்று, பிள்ளைகளின் பெயரை விட்டு எண்ணிக்கையை மட்டும் பள்ளி வாசலிலே எழுதி வையுங்கள். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் காசிமேட்டுத் தாய் அதைப் பார்க்கட்டும். ஒன்றிரண்டு குறைந்தாலும் அவள் கேட்பாள்.