ஹெட்போனையும் அறிக்கையில் எழுதுங்கள்

பார்வையற்ற ஒருவர் பணியில் சேர்ந்தால் அலுவலகம் கணினி தருகிறது. பயிற்சியாளர்களான நாம் போய் என்விடிஏ அல்லது ஜாஸ் திரைவாசிப்பானை நிறுவி, பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். ஹெட்போன் மட்டும் அவருடைய பையிலிருந்து வருகிறது, பெரும்பாலும் செல்போனுக்கென்று வாங்கியது. பார்வையுள்ள ஊழியரிடம் மானிட்டரை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லும் அலுவலகம் எங்கும் இல்லை.

அந்த ஹெட்போன் போதுமா என்று அறியப் பைக்காராவை நினைத்துப் பாருங்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. அங்கே தகரக் கூரைக்கு அடியில் திரைவாசிப்பானைக் கேட்டு வேலை செய்பவர் என்ன செய்வார்? ஒலியைக் கூட்டுவார். மழை நின்ற பிறகும் அதைக் குறைக்கத் தோன்றாது. காது அதற்குள் பழகியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு வரம்பு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி. 80 டெசிபலிலேயே கேட்டாலும், நாளுக்கு எட்டு மணி, வாரம் ஐந்து நாள் என்றால் வேலை நேரமே 40 மணி ஆகிவிடுகிறது. பாட்டுக்கும் செல்போனுக்கும் எதுவும் மிச்சமில்லை. மாலையில் மலைச்சாலை வளைவில் லாரி வருகிறதா என்று அவருக்குச் சொல்ல வேண்டியதும் இதே காதுதான். இதை நம் பயிற்சியில் நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஜெனரேட்டர், ஏசி போன்ற தாழ்ந்த, சீரான இரைச்சலை அது நன்றாக அடக்கும். தகரத்தில் மழை அடிக்கும் ஓசையில் கூர்மையான ஒலிகள் ஏராளம். அங்கே காதை முழுக்க மூடும், தடித்த மெத்தை வைத்த சாதாரண ஹெட்போனே கைகொடுக்கும். எலும்புவழி ஹெட்போன் காதைத் திறந்தே வைப்பதால் அமைதியான அறைக்கு அருமையானது. மழைக்காலத்துக்கு அதை மட்டும் நம்பக்கூடாது.

ப்ளூடூத் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: மேசை வேலைக்கு வயர் உள்ளதே வேண்டும். தேர்ந்த பயனர்கள் சாதாரணப் பேச்சைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் கேட்கிறார்கள். ப்ளூடூத்தில் ஒவ்வோர் எழுத்தும் சற்றுப் பிந்தி வந்தாலே தட்டச்சு தடுமாறும். சிறிது நேரம் பேச்சு நின்றால் ஹெட்போன் உறங்கிவிடும். அடுத்த சொல்லின் தலை வெட்டுப்படும். 5,250 என்ற தொகை 250 ஆகக் காதில் விழுந்தால் வங்கி ஊழியர் கதி என்ன? என்விடிஏ 2024.2 பதிப்பில் ஒலிக்கருவியை விழிப்பாக வைக்கும் அமைப்பு வந்திருக்கிறது, உதவுகிறது. ஆனால் அழைப்புக்காக மைக் திறந்ததும் பல ப்ளூடூத் ஹெட்செட்கள் ஒலித்தரத்தைக் குறைத்து ஒற்றைத் தடத்துக்கு மாறுகின்றன. 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் மழுங்கிப்போகும்.

ஒற்றைத் தடத்தால் இன்னொரு நல்ல வசதியும் போய்விடும். அதே 2024.2 பதிப்பில் ஒலிப் பிரிப்பு வந்தது. என்விடிஏ விசையோடு ஆல்ட், எஸ் அழுத்தினால் திரைவாசிப்பான் இடக்காதிலும் மற்ற மென்பொருள்களின் ஒலி வலக்காதிலும் கேட்கும். இணையவழிக் கூட்டத்தில் பேசுபவரையும் கோப்பையும் ஒருசேரத் தொடர இதைவிட எளிய வழி இல்லை. மேசைத் தொலைபேசியோ எதிரே நிற்கும் மனிதரோ என்றால் ஒரு காதுக்கு மட்டுமான ஹெட்செட் போதும். ஸ்பீக்கரில் வைத்துக்கொள்ளச் சொல்வது தீர்வாகாது: வாடிக்கையாளரின் கணக்கிருப்பு வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20, அரசு அலுவலகங்கள் தம் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. பார்வையற்றோரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக்கூடாது என்று 2025 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி நீதிமன்ற மேசையிலும் ஒரு காதில் வழக்கறிஞரும் மறு காதில் வழக்குக் கட்டும் ஒலிக்கும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் கேட்டு எழுதாத பொருளை அலுவலகம் தானாக வாங்காது.

ஆகவே பணியிட அறிக்கை எழுதும் நண்பர்களே, மென்பொருளோடு நிறுத்தாதீர்கள். மைக் உள்ள, வயர் இணைப்புள்ள, காதை மூடும் ஸ்டீரியோ ஹெட்செட் ஒன்று, ஒற்றைக் காது ஹெட்செட் ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டு, பழுதானால் மாற்ற ஒரு ஜோடி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கையெழுத்திடுமுன் அந்த இருக்கையில் நீங்களே உட்கார்ந்து கேளுங்கள். மலை ஊர் என்றால் மழை நாளில் போங்கள்.