பக்கத்து ஊருக்குப் பறக்க 800 கிலோ மீட்டர் சுற்றா?

சேலம், தூத்துக்குடி. இரண்டும் மாநகராட்சி. இரண்டிலும் விமான நிலையம் இருக்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு நேராகப் பறக்க வழி இல்லை!

மேப்பை எடுத்துப் பாருங்கள். தூத்துக்குடி சேலத்துக்கு நேர் தெற்கே கிடக்கிறது. ஆகாய தூரம் சுமார் 340 கிலோ மீட்டர்தான். ரோடு வழியாகப் போனால் கரூர், திண்டுக்கல், மதுரை தாண்டி சுமார் 375 கிலோ மீட்டர்.

விமானத்தில் போக ஆசைப்பட்டால்? முதலில் சென்னைக்குப் போகணும். அங்கே இறங்கி வேறு விமானம் மாறணும். மொத்த தூரம் ஏறக்குறைய 800 கிலோ மீட்டர். மூக்கைத் தொட தலையைச் சுற்றுவது என்பார்களே, அதுதான் இது.

மணிக்கணக்கு என்ன?

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் நம்பக்கூடாது. சேலத்திலிருந்து சென்னை 1 மணி நேரம். சென்னையிலிருந்து தூத்துக்குடி சுமார் ஒன்றரை மணி நேரம். ஓமலூர் பக்கம் காமலாபுரம் போகவும், வாகைக்குளத்தில் இறங்கி டவுனுக்கு வரவும் ஒன்றரை மணி நேரம். முன்கூட்டியே போய் நிற்க 1 மணி நேரம். சென்னையில் காத்திருக்க 2 மணி நேரம் என்றே வைப்போம். ஆக மொத்தம் 7 மணி நேரம்!

அதே நேரத்துக்குள் கார்க்காரர் மதுரையில் டீ குடித்துவிட்டே தூத்துக்குடி போய்ச் சேர்ந்துவிடுவார்.

நேர் விமானம் இருந்தால் 1 மணி நேரப் பறப்பு. வீட்டுக்கு வீடு மூன்றரை மணி நேரம். சாவு வீட்டுக்கு முகம் பார்க்க ஓடுகிறவருக்கு இந்த மூன்றரை மணி நேரம்தான் முக்கியம்.

தலைக்கு மேலே பறக்குது!

இதில் ஒரு வேடிக்கை. பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு நேர்கோடு போட்டால், அது சேலத்துக்குச் சுமார் 30 கிலோ மீட்டர் மேற்கே போகிறது. அந்தத் தடத்தில் போகிற ஒரு விமானம் காமலாபுரத்தில் இறங்கி ஏறினால் என்ன குறைந்துவிடும்? டவுன் பஸ் நடுவில் நின்று ஆள் ஏற்றுவதில்லையா?

ஓடுபாதை பற்றாது என்று சாக்கு சொல்ல முடியாது. சேலம் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். 70 பேர் போகிற ஏ.டி.ஆர். விமானத்துக்கு அது தாராளம். தூத்துக்குடியிலோ 2025 ஜூலையில் புது முனையமே திறந்தாச்சு. ஓடுபாதையும் 3 ஆயிரம் மீட்டருக்கு மேல்.

"சீட்டு நிறையாதே" என்பார்கள். நியாயமான கேள்விதான். சேலம் பட்ட பாடும் நமக்குத் தெரியும். 2018 மார்ச்சில் சென்னை விமானம் வந்தது. 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில்தான் மறுபடி பறந்தது. ஆனால் சிறு ஊர்களுக்கு ஆரம்பத்தில் நஷ்டம் வரும் என்று தெரிந்துதானே மத்திய அரசு 'உடான்' திட்டமே போட்டது? அந்த மானியத்தை இந்தத் தடத்துக்கும் கொடுக்கட்டும்.

தினசரி வேண்டாம். வாரம் 3 நாள் விட்டுப் பார்க்கட்டும். ஆறு மாதம் ஓடட்டும். ஆள் வரவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளட்டும், நாம் வாய் திறக்க மாட்டோம்.

விட்டுப் பார்க்காமலே "ஆள் இல்லை" என்று சொன்னால் எப்படி?

இரண்டு ஊர் எம்.பி.க்களும் சேர்ந்து கேட்பார்களா?