சிறகு காயட்டும்!

சிதம்பரத்துக்குப் பக்கத்தில், பிச்சாவரத்தில், ஒரு கார்த்திகை மாதம். மழை விட்டதும் படகில் போனோம். சுரபுன்னைக் கிளையில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது.

"அம்மா, கையைத் தட்டினா பறக்கும், படம் பிடிச்சிடலாம்" என்றான் பிள்ளை.

"வேண்டாம்டா கண்ணா, கொடியிலே நாம துணி காயப் போடற மாதிரி, அது சிறகைக் காய வைக்குது!"

ஆமாம் சகோதரிகளே, வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகோ நனைந்துவிடும். ஈரச் சிறகோடு விரட்டினால் பாவம், திண்டாடிப் போகும். தள்ளி நின்றே படம் எடுங்கள்.

தூறலில் காமிராவுக்குப் பிளாஸ்டிக் பை போர்த்துங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தைத் துணியால் ஒற்றி, நன்றாக உலர்ந்தபின் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

புயல் எச்சரிக்கை என்றால் கிளம்பவே வேண்டாம். 2011-ல் 'தானே' புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்? படம் போனால் போகட்டும். பறவை அடுத்த வாரமும் வரும்!